பாட்டு இல்லாத மூன்று மணி நேரம்

தலைக்கு நேர் மேலே இருந்த மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொண்டு சுற்றுவதைக் கேட்டதும் கோகிலவாணிக்குப் பாதி உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அந்த வகுப்பறையில் வேறு யாருக்காவது அந்த இடம் வாய்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். அவளுக்கு அந்தச் சத்தம் வேண்டும். டக் டக், அதற்கு அடியில் ஹோவென்று காற்று, அதற்கும் அடியில் அவளுடைய இடது காதின் சத்தம் படுத்துக் கிடந்தது. படுத்தே கிட, எழுந்திருக்காதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கறுப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். வினாத்தாளை முதலிலேயே முழுக்கப் புரட்டாதீங்க அத்தை, பயம் வந்துடும் என்று தாரணி சொல்லி அனுப்பியிருந்தாள். தாரணி அண்ணன் மகள், பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை எழுதுவதில் அந்த வீட்டில் அவளுக்குத்தான் பழக்கம். கோகிலவாணி பரீட்சை எழுதிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் கேள்வி இலக்கணக் குறிப்பு. வினைத்தொகை, சந்தேகமே இல்லை. வட்டத்தைக் கறுப்பாக்கினாள். கோடு தாண்டாமல், மெதுவாக, கோலப்புள்ளி வைக்கிற மாதிரி. இரண்டாவதும் தெரிந்தது. மூன்றாவதும். கிராம நிர்வாக அலுவலர் என்று தன் பெயருக்குக் கீழே ஒரு வரி இருப்பதாக நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைக்காதே என்று உடனே அழித்தாள். வேலை கிடைத்தால் தனி வீடு. கிடைக்காவிட்டால் திரும்பவும் புருஷன் யுவராஜிடம். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணன் இப்படி வெட்டிச் சொல்லவில்லை, அவர் வெட்டிச் சொல்லத் தெரியாதவர். இதுவும் ஆவலைன்னா அப்பறம் மேல பேசலாம் அம்மிணி, மாப்பிள்ளையும் எத்தனை நாளைக்குத்தான் தனியாச் சமைச்சுத் தின்னுவாரு என்றுதான் சொன்னார். நங்கை பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நங்கை என்றால் அண்ணன் மனைவி ரேணுகா. அவள் வெங்காயச் சருகை ஊதித் தள்ளினாள்.

பத்துப் பன்னிரண்டு கேள்விகள் வழுக்கிக்கொண்டு போயின. பிறகு ஒன்று சேலையில் முள் மாட்டுவதுபோல் மாட்டிக்கொண்டது. நிதி நெருக்கடி நிலை, அரசியலமைப்பின் எந்த விதி. முந்நூற்று ஐம்பத்திரண்டு, ஐம்பத்தாறு, அறுபது, அறுபத்தெட்டு என்று நான்கு எண்கள். இது தெரியும். தெரியும் என்பது மட்டும் மிக நன்றாகத் தெரிந்தது. படித்த பகல்கூடக் கண்முன் நின்றது. அரிசி களைந்து வைத்திருந்தாள், ஜன்னல் திட்டில் ரேடியோ, நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு புல்லாங்குழல் வந்து, அது நின்றதும் ஒரு பெண் குரல் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு பாட ஆரம்பிக்குமே, அந்த மூச்சு இழுக்கிற இடத்தில்தான் இந்த எண் இருந்தது. இப்போது புல்லாங்குழல் வருகிறது. மூச்சு இழுப்பது வருகிறது. பாட்டு முழுக்க வந்து, பாட்டு கேட்டவர்களின் பெயர்களைப் படிக்கிற அறிவிப்பாளர் வந்து, பெருந்துறை, அந்தியூர், காஞ்சிக்கோவில் என்று ஊர்கூட வருகிறது. எண் வரவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க ஆரம்பித்தாள், யோசிக்கக் கூடாத நேரத்தில். பாடத்தையும் பாட்டையும் ஒரே நூலில் தைத்துவிட்டோமோ. பாட்டோடு படிக்கிறது மண்டையில நிக்காது அம்மிணி, ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்கான் பாரு என்று அண்ணன் ஒருநாள் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினார். அதற்கு ரெண்டு வாரம் முன்னால் அதே பேப்பரில், மெல்லிசை கேட்டுக்கொண்டு படித்தால் ஞாபகசக்தி கூடும் என்று போட்டிருந்ததை அவள் படித்திருந்தாள். அண்ணன் அதைப் படிக்கவில்லையா, படித்தும் காட்டவில்லையா. அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவள் கேட்காமல் விட்டது நிறைய. அறுபது. அறுபதுதான் என்று எங்கிருந்தோ வந்தது. பாட்டிலிருந்து வரவில்லை, கை தானாகவே அந்த வட்டத்தின் மேல் போய் நின்றது. கையை நம்பலாமா என்று பார்த்துவிட்டு நம்பினாள்.

வீடு ரெண்டே அறை. பின்னறையில் தாரணி படிப்பாள், நடுவறையில் ரேடியோவோடு இவள். தாரணிக்கு ஈ பறந்தாலும் கவனம் போய்விடும். பாவம், அவள் தப்பில்லை. அத்தை, சவுண்டக் கொறைங்க, கெமிஸ்ட்ரி ஏறவே மாட்டேங்குது என்று முதலில் கெஞ்சினாள். பிறகு அவள் கெஞ்சவில்லை, நங்கை வந்து சொன்னாள். பிறகு நங்கையும் சொல்லவில்லை, ஒருநாள் ரேடியோவைக் காணோம். அலமாரி மேல்தட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருப்பது தெரிந்தும் கோகிலவாணி எடுக்கவில்லை. பொதுத்தேர்வு முடியட்டும் என்று இருந்தாள். எனக்குப் பாட்டு ஆசைக்கு இல்லீங் நங்கை, அது இல்லைன்னா காதுக்குள்ள வண்டு கத்துது என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். நங்கை அவள் காதையே கொஞ்ச நேரம் பார்த்தாள், வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ தெரிந்துவிடும் என்பதுபோல. அப்புறம் கோகிலவாணி படிக்கப்போனது மோட்டார் ரூமுக்கு. கிணற்றடியில் நாலுக்கு நாலு சிமெண்டு அறை, எண்ணெய் நாற்றம், சுவரெல்லாம் சிலந்தி வலை. மும்முனைக் கரண்ட் வந்து மோட்டாரைப் போட்டால் உம்மென்று ஒரு சத்தம் தரையிலிருந்து ஏறித் தொடை எலும்புக்குள் வரும். அந்தச் சத்தத்தில் இடது காது அடங்கிவிடும். மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு மோட்டார் திட்டில் உட்கார்ந்து நதிகளையும் திட்டங்களையும் வைட்டமின்களையும் அங்கேதான் படித்தாள். பாட்டு என்றால் நடுவில் ஒரு வரி வந்து கையைப் பிடித்து இழுக்கும். மோட்டார் இழுக்காது. அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. படிப்பதற்கு அதுதான் நல்லது என்றுகூட நினைத்தாள். ஆனால் கரண்ட் போகும்வரை மோட்டார் ஓடினால் தண்ணீரும் ஓடும். மஞ்சள் காட்டில் தண்ணீர் கட்டிக் கிழங்கு அழுகத் தொடங்கியது. அண்ணன் திட்டவில்லை. அழுகிய கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் அவள் துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மின்விசிறி நின்றது அவளுக்கு உடனே தெரியவில்லை. டக் டக் என்பது டக், அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் இன்னொரு டக் என்று ஆனபோது யாரோ கரண்ட் போச்சு என்றார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் ஜன்னல்களைத் திறந்துவிட்டார். மற்றவர்கள் கைக்குட்டை எடுத்தார்கள். கடைசி டக் கேட்டது. அதற்குப் பிறகு அது எழுந்தது. முதலில் தூரத்தில் சைக்கிள் மணி மாதிரி, அப்புறம் கொதிக்கிற பாத்திரத்தின் மூடி மாதிரி, அப்புறம் எந்த மாதிரியும் இல்லாமல், ஊசியாக, ஒரே கோடாக. கொய்ய்ய்ங். மற்றவர்களுக்கு அமைதி. ஒரு பேனா உருள்வது கேட்கிற அமைதி. எத்தனை பேருக்கு அது வரம். அவளுக்கு அமைதி என்பதே ஒன்றரை வருஷமாகக் கிடையாது, யாரும் இல்லாத இடத்தில்தான் அவளுக்குக் கூச்சல் அதிகம். அடுத்த கேள்வியைப் படித்தாள். மனித உடலின் மிகச் சிறிய எலும்பு எது. சிரிப்பு வரப் பார்த்தது. அங்கவடி. காதுக்குள் இருக்கிறது. அரிசி மணியைவிடச் சின்னது என்று டாக்டர் தன் பேனா முனையைக் காட்டிச் சொன்னார். டவுனில் இருந்த காது மூக்குத் தொண்டை டாக்டர், வயசானவர். சவ்வு கிழிஞ்சிருக்குதும்மா, எப்படி ஆச்சு என்று கேட்டார். துணி துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். யுவராஜ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். டாக்டர் அவனையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், கல்லுன்னா காதோட வெளிப்பக்கம் அடிபடணுமே என்றார், அப்புறம் மாத்திரை எழுதினார். ஓட்டை தானாக மூடும், ஆனால் இந்தச் சத்தம் போகாது, எப்பவும் பக்கத்தில் சின்னதா ஏதாவது பாட்டை ஓடவிடுங்க, மனசு அதன்மேல் போய்விடும் என்றார். யுவராஜ் அதற்குச் சிரித்தான். பாட்டா, நல்லா சொன்னீங்க டாக்டர் என்றான். வினாத்தாளின் எழுத்துகள் மேல் அந்த ஊசிக்கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்தது.

காது போன அன்றைக்கு அவள் யுவராஜ் வீட்டு அடுப்படி மேடையில் சாய்ந்துகொண்டு படித்தாள். அதுதான் முதல் தடவை விண்ணப்பம் போட்டிருந்த சமயம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குழந்தை இல்லை, வேலையாவது பார்க்கிறேன் என்று அவனிடம் கேட்டு, அவன் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் விட்டதை அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். ரெண்டு காதிலும் இயர்போன். அந்தப் பாட்டு என்ன பாட்டு என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை, அது மட்டும் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது என்பது ஞாபகம் வருகிறது. புத்தகத்தில் இருந்த ஆறுகளின் பெயரெல்லாம் அந்தத் தாளத்துக்கு வந்து விழுந்தன. பாட்டு படிப்புக்கு உதவுமா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், உதவும் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பாள். அவன் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்திருக்கிறான், கேட் திறக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறான், எத்தனை தடவையோ. அவளுக்குத் தெரிந்தது பக்கவாட்டில் ஒரு நிழல், அவ்வளவுதான். இயர்போன் இருந்த காதோடு சேர்த்து அறைந்தான். காதுக்குள் ஒரு பட்டாசு. அதற்குப் பிறகு அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது, நெடுநேரம், சத்தமே இல்லாமல். வலது காதிலிருந்த இயர்போனில் பாட்டு மட்டும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. அவன்தான் கடைசியில் பிடுங்கினான். பாட்டுக் கேட்டுக்கிட்டு என்னடி படிப்பு என்று அவன் கேட்டதுதான் அந்த வீட்டில் அவள் ஒற்றைக் காதால் கேட்ட முதல் கேள்வி. பாட்டால் வந்ததா, பாட்டால் தீர்கிறதா. பாட்டு வைக்காமல் இருந்திருந்தால் ஹாரன் கேட்டிருக்கும், கேட் திறந்திருப்பாள், காது முழுசாக இருந்திருக்கும். இல்லை, அன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள், சோறு குழைந்ததற்கு, சட்டையில் பித்தான் போனதற்கு. இந்த இடத்துக்கு வந்தால் மனசு எப்போதும் திரும்பி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கேட். ஹாரன். நிழல்.

யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். டீச்சர் குனிந்து நின்றிருந்தார். ஏம்மா, பாடறீங்களா என்று கேட்டார், கோபமில்லாமல். கோகிலவாணிக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் தன் தொண்டை அதிர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. முனகியிருக்கிறாள். எவ்வளவு நேரமோ. பார்த்தால் அதற்குள் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு வட்டங்கள் விழுந்திருந்தன, எல்லாம் சரியான விடைகள்தான் என்று ஒரு பார்வையிலேயே தெரிந்தது. முனகிக்கொண்டு எழுதினால் வருகிறது. தொண்டையின் அதிர்வு எலும்பு வழியாக ஏறி அந்த ஊசியை மழுக்கிவிடுகிறது. இதை எப்படிச் சொல்வது. காதுல ஒரு தொந்தரவுங் மேடம், இப்படி இருந்தாத்தான் எழுத வருது என்று மெல்லச் சொன்னாள். மத்தவங்களுக்குத் தொந்தரவாகுதும்மா, இனிமேல் சத்தம் வந்தா நான் மேலே புகார் எழுதித் தரவேண்டி வரும் என்று சொல்லிவிட்டு டீச்சர் நகர்ந்தார். புகார் சொன்னது பின்பெஞ்சுக்காரியாகத்தான் இருக்கவேண்டும். கோகிலவாணி திரும்பினாள். சின்னப் பெண், ரவிக்கையின் முன்பக்கம் ஈரமாகியிருந்தது. காலையில் கேட்டருகே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, அதைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தவள் இவள்தான். டீச்சர் மறுகோடிக்குப் போனதும் அவள் தாளைப் பார்த்தபடியே பேசினாள். “அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. வெளிய கொழந்த அழுவுதான்னு ஒரு காத அங்கயே வெச்சுட்டு எழுதறேன். நீங்க முனகினா எனக்கு அது கேக்க மாட்டேங்குது.” அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டாள்.

கோகிலவாணி உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக முனகினால் பின்னால் கேட்காது. ஆனால் கேட்டாலும் அந்தப் பெண் இனிமேல் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது. அதுதான் தடுத்தது. தாரணியும் கடைசியில் சொல்வதை நிறுத்திவிட்டுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு படித்தாள். ஒருநாள் காலையில் அந்தப் பஞ்சு தலையணை மேல் கிடந்ததைக் கோகிலவாணி பார்த்தாள். ஒருத்திக்கு மருந்தாக இருப்பது இன்னொருத்திக்கு இப்படி. ஊசி நீண்டது. நல்ல காதை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியில் குழந்தை அழுகிறதா என்று அவளும் கேட்கத் தொடங்கியிருப்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. காக்கை. தூரத்தில் லாரி. குழந்தைச் சத்தம் இல்லை. தூங்குகிறதோ. அழுது ஓய்ந்துவிட்டதோ. உனக்கென்ன, உன் தாளைப் பார். பார்த்தாள். அணைகளைப் பொருத்துக. அணைகளெல்லாம் மோட்டார் ரூமில் படித்தவை, மோட்டார் ஓடாத இடத்தில் அவை வர மறுத்தன. ஒரு அணையின் பெயரைப் படித்ததும் அழுகிய கிழங்கு வந்தது. அதன் மேல் இருந்த ஈரமண். இதே இடத்தில் யுவராஜ் ஒற்றை ஆளாகச் சமைத்துத் தின்கிற படமும் வந்தது, அவன் தட்டைத் தானே கழுவுகிறான், பாவமாக இருக்கிறான். அந்தப் படத்தை அண்ணன்தான் அவள் தலைக்குள் மாட்டிவிட்டுப் போயிருந்தார். விடை தெரியவில்லை என்பதற்கென்று ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. எதையும் வெறுமனே விடக் கூடாது, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று கறுப்பாக்க வேண்டும். அதைத் தொடவே மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். முதல் ஐந்தாவது வட்டத்தைக் கறுப்பாக்குவதற்கு முன் பேனாவை எடுத்து எடுத்து வைத்தாள். ரெண்டாவதுக்கு அப்படி இல்லை. அப்புறம் வரிசையாக, கீழே கீழே, படித்தும் படிக்காமலும், தெரியவில்லை, தெரியவில்லை, தெரியவில்லை என்று நிரப்பிக்கொண்டே போனாள். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது, அந்த நிம்மதி அவளைப் பயமுறுத்தியது. எத்தனை வருஷமாக எல்லாரிடமும் எல்லாவற்றுக்கும் ஒரு விடை வைத்திருந்தாள். கல்லில் விழுந்தேன். எனக்கொன்றும் இல்லை. அவர் நல்லவர்தான், கோபம்தான் கொஞ்சம். கரண்ட் திரும்பி வந்து மின்விசிறி மறுபடி டக்கென்றபோது டீச்சர் தாள்களை வாங்க ஆரம்பித்திருந்தார்.

வெளியே வெயில். பின்பெஞ்சுப் பெண் வேப்பமரத்தை நோக்கி ஓடினாள், திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தை அழவில்லை, தன் பாட்டியின் சேலை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. அண்ணன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வண்டி மேல் சாய்ந்து நின்றார். அவள் கிட்டே போனதும் ஏதோ சொன்னார். இடது பக்கம் நின்றதால் அவளுக்குக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்று என்னங்ணா என்றாள். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கிறார், நங்கை சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறாள், பேசி முடித்துவிடலாம், பரீட்சை எப்படி என்றார், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். பரீட்சையைக் கடைசியில் கேட்டதிலேயே அவருக்கு அதன் பதில் வேண்டியிருக்கவில்லை என்று தெரிந்தது. ஆவாதுங்ணா என்றாள். அவர் தலையாட்டினார். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அந்தச் சத்தத்துக்குள் நின்றபோது அவளுக்குத் தலை தெளிவாக இருந்தது.

“அண்ணா, இந்தக் காது கல்லுல விழுந்து போகலைங். அவரு அடிச்சாரு.”

அண்ணன் பெட்ரோல் டாங்கின் மேலிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். ஒரு இடம் சுத்தமானதும் பக்கத்து இடத்தைத் துடைத்தார்.

“தெரியும் அம்மிணி” என்றார். “அவனே சொன்னான். அப்பவே. இனிமே தொட மாட்டன்னு கோயில்ல வெச்சுச் சொல்லீருக்கறான். ஏறு.”

அப்பவே என்றால் எப்போது. டாக்டரிடம் போவதற்கு முன்பா, பின்பா. ரேடியோவை அலமாரி மேலே எடுத்து வைத்தபோதும் தெரியும். பேப்பரைக் கொண்டுவந்து நீட்டியபோதும் தெரியும். ஒன்றரை வருஷம் அவர் முன்னால் அவள் காப்பாற்றிவைத்த பொய்யை அவர் தினமும் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அவரும் பாவம்தான் என்று நினைக்க ஆரம்பித்த மனசை அந்த இடத்திலேயே நிறுத்தினாள். அண்ணன் வண்டியைக் கிளப்பினார். பின் இருக்கையைக் கையால் ஒருதரம் தட்டினார். அவள் ரோட்டைத் தாண்டினாள். பரீட்சை எழுதி முடித்த பெண்கள் கூட்டம் கூட்டமாக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள், விடைகளை ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொண்டு. அவர்களோடு நடந்தாள். பின்னால் அண்ணன் கூப்பிட்டாரா என்று தெரியவில்லை, கூப்பிட்டிருப்பார். முதலில் நின்ற பஸ்ஸில் ஏறினாள். எங்கம்மா என்று கண்டக்டர் கேட்டார். இது எங்க போய் நிக்கும் என்று கேட்டாள். சத்தி என்றார். அவளுக்குச் சத்தியில் யாரும் இல்லை. “அங்கயே குடுங்க” என்றாள்.